துண்டுக்குள் அறுபத்தாறு பேர்

ஆடி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை மூணே முக்கால் மணிக்கு என் மகள் தாரணி, ஸ்ரீ குபேர விலாஸ் பொறியியல் கல்லூரியின் வாசலைத் தாண்டி வெளியே காலை வைத்தாள்; வைத்த கால் உள்ளே விழுந்தது. திரும்பி நின்று மறுபடி நடந்தாள். ரோட்டைப் பார்த்து நடந்தவள் கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். மூன்றாவது முறை வாட்ச்மேன் மாதையன், "எதையாச்சும் மறந்துட்டயா, கண்ணு?" என்று கேட்டார். நான்காவது முறை அவளுக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

அவள் எனக்குப் போன் செய்தபோது நான் சந்தையில் ஒரு சிந்து மாட்டின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, வெளிய வர முடியல."

"பஸ் இல்லியா?"

"பஸ் நிக்குது. வாசல் விட மாட்டேங்குது."

"பாக்கி எவ்வளவுன்னு சொன்னாங்க?"

வாசல் ஏன் விடவில்லை என்று நான் கேட்கவில்லை. அந்த மாதம் முழுக்க யாருமே கேட்கவில்லை. பாக்கி எவ்வளவு என்றுதான் ஊரே கேட்டது.

பாக்கி ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். எப்படி வந்தது என்று கேட்டால் எனக்கு இப்போதும் ரத்தம் தலைக்கு ஏறுகிறது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் தாரணி. அப்படி முதல் ஆளாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு அரசாங்கம் கட்டணத்தில் சலுகை கொடுக்கிறது, சரி. அந்தப் பணம் அரசாங்கத்திடமிருந்து இன்னும் வரவில்லை, வருகிறவரை நீங்கள் கட்டுங்கள், வந்ததும் திருப்பிக் கொடுக்கிறோம் என்றார்கள். அதற்கு மேலே வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம், அந்தப் பயிற்சிக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டுக்குக் கட்டணம், ஆய்வகத்தில் கண்ணாடி உடையலாம் என்பதற்கு முன்கூட்டியே ஒரு கட்டணம், நாலு வருடத்தில் ஒரு கண்ணாடியும் உடையாததால் அந்தத் தொகையைப் பராமரித்ததற்கு ஒரு கட்டணம், படித்து முடித்துப் போனபிறகு பழைய மாணவியாக இருப்பதற்கு ஒரு கட்டணம். நான் முப்பது வருடமாக மாட்டுத் தரகு செய்கிறவன். இல்லாத கன்றுக்குட்டிக்கு விலை சொல்லுகிறவனைப் பார்த்திருக்கிறேன், பொறக்காத கன்றுக்குட்டியின் சாணத்துக்கு விலை சொன்னவனை அங்கேதான் பார்த்தேன்.

ஆனால் அவள் அங்கே மாட்டிக்கொண்டது என்னால்தான். அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரி ருக்குமணி சொல்லுவாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் சேர்க்கையின்போது அக்கவுண்டன்ட் தியாகு எண்பத்தைந்தாயிரம் என்றான். நான் அறுபதில் ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம், இரண்டு டீ, ஒரு சண்டை, ஒரு எழுந்துபோதல் எல்லாம் முடிந்து எழுபத்தைந்துக்கு வந்தான். "இன்னும் அஞ்சு குறை," என்றேன். "ஐயா, பொண்ணோட அசல் சர்டிபிகேட்டையெல்லாம் எங்ககிட்ட ஒப்படைச்சிடுங்க, அஞ்சு குறைச்சுக்கறேன், எங்க பீரோவுல பத்திரமா இருக்கும்," என்றான். ஐயாயிரத்தை அடித்துப் பிடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டு, சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் நான்கையும் என் கையாலேயே கொடுத்து, ரசீதுகூட வாங்காமல் வந்து சந்தை முழுக்கப் பெருமை பேசினேன்.

எங்கள் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. மாடு கைமாறும்போது விற்றவன் தன் பழைய தலைக்கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்து எடுத்துக்கொள்ள வேண்டும், வாங்கியவன் புதுக் கயிறு பூட்ட வேண்டும். பழைய கயிற்றோடு ஓட்டிப்போன மாடு எந்த ஊருக்குப் போனாலும் விடிவதற்குள் பழைய கட்டுத்தறியில் வந்து நிற்கும். இது சந்தைக்கு வருகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த நான்தான் ஐயாயிரத்துக்கு ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளையின் கயிற்றை அடுத்தவன் பீரோவில் கட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் நான் போய்ச் சேர்வதற்குள் வாசலில் கூட்டம். சான்றிதழ் வாங்கிப்போக வந்த பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேரும் உள்ளேயே இருந்தார்கள். காலேஜ் பஸ் ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பஸ் வெளியே போனது, ஆசிரியர்கள் இருபத்திரண்டு பேர் வாசலுக்கு உள்ளே வரிசையாக உட்கார்ந்த வாக்கில் தரையில் இருந்தார்கள். அவர்களுடைய பட்டச் சான்றிதழும் அதே பீரோவில்தான் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துவிட்டார்களாம், வேறு காலேஜுக்குப் போய்விடக் கூடாதென்று. "வாட்ச்மேன் சார், நீங்க?" என்று கேட்டேன். மாதையன் ஒரு காலை வெளியே வைத்துக் காட்டினார், உள்ளே விழுந்தது. பஸ் ஓட்ட வந்த ஆள் அவர். கனரக வண்டி லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, ஆள் பற்றாக்குறை என்று வாசலில் நிறுத்தியிருந்தார்கள், எட்டு வருடமாக.

பெற்றவர்கள் நாங்கள் தாராளமாகப் போய் வந்தோம். எங்கள் காகிதம் எங்கள் வீட்டில் இருந்தது.

முதல் இரண்டு நாளில் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டார்கள். சுவர் ஏறிக் குதித்த மூன்று பையன்கள் மூன்று முறையும் வளாகத்துக்குள்ளேயே இருந்த சேர்மன் வீட்டுக் குரோட்டன்ஸ் செடிமேல் விழுந்தார்கள். செடிக்கு ஆளுக்கு எண்ணூறு ரூபாய் அபராதம். திருப்பூரிலிருந்து ஒருத்தர் வந்து ஒரே கையில் முழுப் பணத்தையும் கட்டினார். தியாகு பீரோவைத் திறந்து காகிதங்களைக் கொடுத்தான். அவர் மகன் வெளியே நடந்தான், நடந்துகொண்டே இருந்தான், பின்னால் அப்பா கூப்பிடக் கூப்பிடப் பெரிய ரோடு வரைக்கும் நிற்கவே இல்லை. அவனுக்குப் பதிலாக மறுநாளே இன்னொருத்தி சான்றிதழ் கேட்டு உள்ளே வந்தாள், எண்ணிக்கை குறையவில்லை. தினகரன் என்ற பையனுடைய அப்பா பாதிப் பணம் கட்டினார். தியாகு பத்தாவது மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டாவதை வைத்துக்கொண்டான். தினகரனுக்கு இடது கால் வெளியே போனது, வலது கால் போகவில்லை. வெளியே போன காலை உள்ளே இழுக்க அவனுக்கு மனம் வரவில்லை. மாதையன் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து வாசல் எல்லைக் கோட்டுமேலேயே போட்டுக்கொடுத்தார். அவன் அதிலேயே உட்கார்ந்தான், அதிலேயே சாப்பிட்டான், வெளிக்காலுக்கு வெயில் அடித்தால் தாரணி குடை பிடித்தாள்.

ஒரு வாரத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பஸ் கண்டக்டர், "குபேர விலாஸ், சாப்பாடு கொண்டு வந்தவங்க இறங்குங்க," என்று கூவ ஆரம்பித்தார். வாசலில் இரண்டு டீக்கடை நாலு டீக்கடை ஆனது. சவரம் செய்கிறவர் கோட்டுக்கு வெளியே நின்றபடி கையை நீட்டி உள்ளே இருந்தவர்களுக்கு முடி வெட்டினார். கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண்ணைப் பார்க்கப் பெருந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, ரோட்டில் சமுக்காளம் விரித்து உட்கார்ந்து, உள்ளேயிருந்து அவள் நீட்டிய காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணு பிடிச்சிருக்குதுங்க, வெளிய வந்ததும் சொல்லியனுப்புங்க," என்று போனார்கள். எங்கள் தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள், "பாப்பா இன்னும் உள்ளதானுங்களா?" என்று ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆளை விசாரிக்கிற மாதிரி விசாரித்து, பதிலைக் கேட்காமலேயே நடந்தார்கள்.

கல்லூரியும் சும்மா இருக்கவில்லை. பத்தாம் நாள் நோட்டீஸ் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள்: வளாகத் தொடர் தங்கல் கட்டணம், நாளொன்றுக்கு முந்நூற்றைம்பது, வரி தனி.

நான் தியாகுவின் மேஜையைத் தட்டினேன். "ஏம்ப்பா, நீயே புடிச்சு வெச்சுட்டு நீயே வாடகை கேக்கறயா?"

"நாங்க யாரையும் புடிச்சு வெக்கலீங்க ஐயா. கேட்டு தெறந்துதான் இருக்குது. போகச் சொல்லுங்க."

"அசலைக் குடுக்கச் சொல்லு."

"பாக்கியைக் கட்டச் சொல்லுங்க."

"கவர்மெண்டு பணம் கவர்மெண்டுகிட்டதான வாங்கணும்?"

"வரும்போது திருப்பித் தர்றோமுங்க."

"பிள்ளைங்களோட அசலைக் காலேஜு வெச்சுக்கக் கூடாதுன்னு உத்தரவே இருக்குதாம். உங்க மெக்கானிக்கல் சார் லோகேஸ்வரன்தான் சொன்னாரு."

"நாங்க வெச்சுக்கலீங்க ஐயா. பாதுகாக்கறோம்," என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "லோகேஸ்வரன் சார் சொன்னாருங்களா?" என்று கேட்டு எதையோ குறித்துக்கொண்டான். அந்த ஒரு நொடி என் வாயை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். புதன்கிழமை ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். வாசல் வழியே உள்ளே போனார், வெளியே வந்தார், இன்னொரு முறை உள்ளே போனார், வெளியே வந்தார். தினகரனைப் பார்த்து, "தம்பி, வழியில உக்காராத," என்றார். மனு கொடுத்த பதினைந்தாம் நாள் பதில் வந்தது: நேரில் ஆய்வு செய்ததில் வாயிற்கதவு திறந்த நிலையில் உள்ளதும், மாணவர்கள் வெளியேற எவ்விதத் தடையும் இல்லை என்பதும் தெரியவருகிறது.

அந்தக் காகிதத்தை ருக்குமணி படித்து மடித்து வைத்தாள். தாரணிக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அசல் சான்றிதழ்களோடு ஆஜராக வேண்டும், தவறினால் வேலை இல்லை. அன்று ஆகஸ்ட் பத்தொன்பது.

"ரெண்டு காளையையும் வித்துருங்க," என்றாள்.

"வித்தா ஒரு லட்சம்கூடத் தேறாது. மிச்சத்துக்கு என்ன பண்ணுவ?"

"நாலு வருசத்துக்கு முன்னால குறைச்சீங்கல்ல ஐயாயிரம், அதை எடுத்து வெச்சிருக்கீங்கல்ல?" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவன், மறுநாள் விடிகாலை முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

காலை ஆறு மணிக்கு வாசலில் போய் உட்கார்ந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். சேர்மன் வஜ்ரவேல் தினமும் விடிகாலையில் வெள்ளை உடுப்பில் நடைப்பயிற்சி செய்வார் என்று எல்லாருக்கும் தெரியும். மாணவர்களுக்குத் துணையாக அவரும் வளாகத்திலேயே தங்கியிருக்கிறார் என்று பத்திரிகையில்கூட வந்தது. அவர் தன் பங்களாவிலிருந்து வாசல் வரைக்கும் நடந்தார், கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றார், திரும்பினார். மறுபடி வந்தார், அதே ஒரு முழம், திரும்பினார். படித்தவர்களுக்கு அது நடைப்பயிற்சி. எனக்கு அது தெரிந்த நடை. முளையில் கட்டிய எருமை கயிறு நீள்கிற மட்டும் நடந்து, இழுபடுவதற்கு ஒரு முழம் முன்னாலேயே தானாகத் திரும்பும். அதற்கு அந்த இடம் கழுத்தில் பதிந்திருக்கும்.

கயிற்றின் ஒரு நுனி மாட்டின் கழுத்தில் என்றால் மறு நுனி பிடித்தவன் கையில். மாடு நகரவில்லை என்றால் பிடித்தவனும் அங்கேதான் நிற்க வேண்டும்.

"சேர்மன் சார்," என்றேன். "நாளன்னைக்கு உங்க அக்கா மகள் கல்யாணமாமே. தாய்மாமன் சீர் நீங்கதான் எடுத்துட்டுப் போகணும். கோபியில மண்டபம்."

அவர் நின்றார். "யாருய்யா நீ?"

"காளியண்ணன். மாட்டுத் தரகு. கார் தினமும் டிரைவரோட வெளிய போகுது, நீங்க போகறதில்ல. ஒரு காலை மட்டும் அந்தக் கோட்டுக்கு வெளிய வெச்சுக் காட்டுங்க, நான் எந்திரிச்சுப் போயிர்றேன்."

தினகரன் ஸ்டூலில் விழித்துக்கொண்டான். மாதையன் பீடியை அணைத்தார். சேர்மன் காலை எடுத்து வைக்கவில்லை.

"உங்களை வெளிய விட எனக்கு வழி தெரியும்," என்றேன். "உங்க கையாலயே பீரோவைத் தெறந்து எல்லாருடைய அசலையும் குடுங்க. நியாயமான பாக்கியைத் தவணையில கட்டறோம்னு எழுதித் தர்றோம், கவர்மெண்டு பணத்தைக் கவர்மெண்டுகிட்டக் கேளுங்க, தங்கல் கட்டணத்தைக் கிழிச்சுப் போடுங்க. அப்புறமும் வாசல் விடலைன்னா, என் காளை ரெண்டையும் இந்தக் கேட்டுலயே கட்டிட்டுப் போறேன்."

உண்மையில் அப்படி நடக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. முப்பது வருடத் தொழிலில் உறுதியாகத் தெரிந்து நான் எதையும் சொன்னதில்லை.

அதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் உள்ளே, பெற்றவர்கள் வெளியே. சேர்மன் சுற்றிப் பார்த்து, "இத்தனை பேருக்கு முன்னால பேச முடியாது," என்றார். நான் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினேன். எங்கள் சந்தையில் விலை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவோம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். கோட்டுக்கு உள்பக்கம் கையை நீட்டித் துண்டைப் போட்டேன். அவர் தயங்கிக் கையை விட்டார். விட்டதுமே தெரிந்துவிட்டது, அந்தக் கை துண்டுக்குப் புதுசு இல்லை. என்றைக்கோ ஒரு நாள் அதுவும் சந்தையில் நின்ற கைதான்.

"இது ரூபா இல்ல," என்றேன். "ஆளுங்க. மொத்தம் அறுபத்தாறு."

அவர் என் ஒற்றை விரலைப் பிடித்தார். ஒன்று. உன் மகள் மட்டும். கூட்டிக்கொண்டு போ.

பொய் சொல்ல மாட்டேன். என் கை அங்கேயே நின்றுவிட்டது. வெயில் வந்திருந்தது, தாரணி தினகரன் காலுக்குக் குடை பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிடித்த விரலை அழுத்தினால் போதும், வியாபாரம் முடிந்தது, மத்தியான பஸ்ஸில் வீடு, திங்கட்கிழமை ஓசூர். மற்ற அறுபத்தைந்து பேர் எனக்கு என்ன உறவு? அழுத்தித்தான் இருப்பேன். ஆனால் எதிராளி சொன்ன முதல் விலைக்கு முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட இந்தக் கை ஒத்துக்கொண்டதில்லை. எனக்கு இரக்கம் வந்ததா, கோபம் வந்ததா தெரியாது, கை தானாக உதறிக்கொண்டது. அவருடைய ஐந்து விரலையும் பிடித்து மேலே ஒன்றையும் தொட்டு, ஆறு, "பத்து" என்றேன், மறுபடி அதே ஆறைப் பிடித்து "ஒண்ணு" என்றேன்; ஆறு பத்தும் ஆறும் அறுபத்தாறு.

அவர் நாலைப் பிடித்துப் பத்து என்றார், மூன்றைப் பிடித்து ஒன்று என்றார். பிள்ளைகள் மட்டும்.

"ஆசிரியருங்க?"

"அவங்க போயிட்டா எவன் பாடம் நடத்தறது?"

"சம்பளம் குடுத்தா நடத்துவாங்க."

உள்ளேயிருந்து லோகேஸ்வரன் சார் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். சேர்மன் கையை உருவப் பார்த்தார், நான் விடவில்லை. "அக்கா மகள் மணவறையில உக்காந்திருப்பா," என்றேன். "தாய்மாமன் எங்கன்னு கேப்பாங்க. காலேஜுக்குள்ள நடந்துட்டு இருக்காருன்னு உங்க அக்கா சொல்லணும்." ஒரு மணி நேரம் ஆனது. டீ வந்தது, ஆறியது. என் கை மரத்துவிட்டது. கடைசியில் அவர் விரல்கள் தளர்ந்தன; ஆறு, ஆறு என்று அவரே பிடித்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். துண்டுக்குள் ஒத்துக்கொண்டதை மாற்றுகிறவனை எங்கள் சந்தையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்கூட விடமாட்டோம்.

பீரோவை வாசலுக்கே தூக்கி வந்தார்கள். சேர்மன் தன் கையாலேயே திறந்து ஒவ்வொரு உறையாகக் கொடுத்தார், தியாகு பெயர் வாசித்தான். பிள்ளைகள் உறையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். தினகரனின் வலது கால் வெளியே வந்தது. மரத்துப்போன இடது காலைத்தான் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்கள் வந்தார்கள். தாரணி குடையை மடக்கிக்கொண்டு வந்து, கோட்டுக்கு முன்னால் ஒரு நொடி நின்று, காலை வைத்தாள். ரோட்டுப் புழுதி அவள் செருப்பில் ஏறியது. அப்போது நான் மூக்கைச் சிந்தியது ஜலதோஷத்தால்தான்.

பீரோ காலி. சேர்மன் கையைத் தட்டிக்கொண்டார், வேட்டியைச் சரிசெய்தார், வெளியே நின்ற காரைப் பார்த்துக் கம்பீரமாக நடந்தார். அவர் கால் உள்ளே விழுந்தது.

மறுபடி நடந்தார். பங்களாவைப் பார்த்து வந்தார்.

"தரகரே!" என்று கத்தினார். "காளையைக் கட்டு!"

நான் எண்ணினேன். என் தொழிலில் எண்ணத் தெரியாதவன் பிழைக்க முடியாது. நாற்பத்து மூன்று, இருபத்திரண்டு, அறுபத்தைந்து. "சார்," என்றேன், "சட்டைப் பையில என்ன?"

அவர் கை தானாகப் பையை மூடியது. மெல்லிய வெள்ளைச் சட்டை, உள்ளே ஒரு லைசென்ஸ் புத்தகத்தின் விளிம்பு நன்றாகவே தெரிந்தது. "கேட்டுக்கு ஒரு ஆள் வேணுமில்லய்யா," என்றார், எல்லாருக்கும் புரிகிற நியாயத்தைச் சொல்லுகிறவர் மாதிரி. "ஒண்ணே ஒண்ணு. அதுவும் வாட்ச்மேன்."

எனக்கு வந்த கோபத்தில் வாசலையே பிடுங்கிப் போட்டிருப்பேன். ஆனால் மாதையன் கோபப்படவில்லை. எட்டு வருடமாக உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்து, அதைத் தட்டித் துடைத்து, சேர்மனுக்கு எதிரே கொண்டுபோய்ப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தார். அவருக்குப் போக அவசரமான கல்யாணம் எதுவும் இல்லை. அப்புறம் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அண்ணா, அந்தத் துண்டைக் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க."